அழுகைச் சத்தம் கேட்காத பால்வாடி

வேலையில் சேர்ந்த முதல் நாள் எடை மெஷினையும் சத்துமாவு மூட்டையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் சென்டருக்குப் பின்வாசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், காலையில் பிள்ளையை விட வரும் அம்மாக்கள் அந்த வழியாக நழுவிப் போகிறார்களா என்று பாருங்கள். போகிறார்கள் என்றால், என்னைப் போல ஒருத்திதான் அங்கே அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்திருப்பாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் சேர்ந்து, தலை முழுக்க நரைத்து ரிட்டயர் ஆகும்வரை திருவொற்றியூரில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்தவள் நான். எங்கள் பக்கத்தில் அங்கன்வாடி என்று யாரும் சொல்வதில்லை. அது பால்வாடி, நான் பால்வாடி டீச்சர். போன வாரம் உங்கள் பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டு, "உங்க அனுபவத்தைச் சொல்லுங்கம்மா" என்றார்கள். மேடம் திடீரென்று இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தால் எப்படிச் சமாளிப்பது, முட்டை ஓடு ஒட்டாமல் எப்படி உரிப்பது என்று வாய்க்கு வந்ததைப் பேசிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று மனசு குத்தியது. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் சென்டர் காலடிப்பேட்டைப் பக்கம், எண்ணூர் ரோட்டைப் பார்த்த ஒரு வாடகைக் கட்டடம். முன்னால் பெரிய கம்பி ஜன்னல். அதற்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். கொஞ்சம் நகரும், மறுபடி நிற்கும். பின்னால் சமையல் அறை, அதைத் தாண்டி சந்துக்குப் போகும் ஒரு சின்னக் கதவு.

புதுப் பிள்ளை வந்தால் என் முறை இதுதான். அம்மா இடுப்பிலிருந்து பிள்ளையைப் பிய்த்து எடுப்பேன். நேராக ஜன்னலுக்குத் தூக்கிப் போவேன். "லாரி பாரு, லாரி பாரு! யம்மாடி, எம்மாம் பெரிய லாரி!" பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். நான் முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டுவேன். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் இல்லாமல் சமையல் அறை வழியாக ஓடிவிடுவாள். பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது அம்மா இருந்த இடம் காலியாக இருக்கும். கத்தும். கொஞ்ச நாள் கத்தும். அப்புறம் அடங்கிவிடும்.

'அடங்கிவிடும்' என்று எழுதும்போதே கை கூசுகிறது. அன்றைக்கோ அது எனக்குத் தலைக்கிரீடம். எங்கள் சூப்பர்வைசர் மேடம் புதுப் பணியாளர்களை என் சென்டருக்கு அழைத்து வருவார். "கேட்டுப் பாருங்க, அழுகைச் சத்தமே இருக்காது. டீச்சர்கிட்ட கத்துக்கோங்க" என்பார். நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொண்டு போனவர்கள் அவரவர் சென்டரில் அதையே செய்தார்கள். அந்தப் பாவத்தில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.

ரோஸ்லின் என்ற பெண் தன் மகள் செரினைக் கொண்டுவந்து விட்டது அந்தக் காலத்தில்தான். செரினுக்கு மூன்று வயது முடியவில்லை. ரோஸ்லினின் புருஷன் கன்டெய்னர் லாரி டிரைவர். துறைமுக கேட்டுக்குள் போக வரிசையில் காத்துக்கொண்டிருந்தபோது, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தபடியே நெஞ்சு வலியில் போய்விட்டார். முன்வண்டி நகர்ந்தும் இவர் வண்டி நகரவில்லையே என்று பின்னால் இருந்தவர் திட்டிக்கொண்டு இறங்கிவந்து பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது. காரியம் எல்லாம் முடிந்த கையோடு ரோஸ்லினுக்கு ராயபுரத்தில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது.

முதல் நாள் அவள் என்னைத் தனியாக அழைத்தாள். "டீச்சர், அவங்க அப்பா செத்தது இதுக்குத் தெரியாது. லாரி எடுத்துக்கினு தூரமா போய்கிறாரு, வந்துருவாருன்னு சொல்லி வெச்சிகிறோம். நீங்களும் அத்தயே சொல்லுங்க."

"நல்லதுதான்" என்றேன். "இத்துனூண்டு கொயந்தைக்கு இன்னா தெரியும்? நாலு நாள்ல மறந்துடும். நீ கவலப்படாம போ."

அப்படிச் சொல்லிவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? செரினைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். "லாரி பாரு, லாரி பாரு" என்றேன்.

அப்பா லாரியில் வருவார் என்று சொல்லி வைத்திருக்கும் பிள்ளை. அதை நானே லாரி ஓடும் ஜன்னலில் நிறுத்தினேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு இல்லை. காதில் கேட்டதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வழக்கமான வேலையை வழக்கம்போல் செய்தேன்.

செரின் முதல் நாளே அழவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா போனதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கப்புறம் வந்ததும் அவளாகவே ஜன்னலுக்குப் போய் நின்றுகொள்வாள். "தங்கம்னா தங்கம், இந்த மாதிரி சமத்துப் புள்ளய நான் பாத்ததே இல்ல" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். மற்ற பிள்ளைகள் அடம் பிடித்தால், "செரினப் பாரு, அழுவுதா?" என்று அவளைக் காட்டுவேன்.

பிள்ளை மெலிந்துகொண்டே வந்தது. எடை போட்டால் முள் இறங்கியிருந்தது. சமைக்கும் ஆயா, "முட்டய துன்ன மாட்டேங்குது டீச்சர். கைலயே வெச்சிக்கினு நிக்குது" என்று சொன்னாள். எடை குறைந்தால் நமக்கு என்ன தெரியும்? சத்துக்குறைவு. நான் ஒரு சத்துமாவு உருண்டை கூடுதலாகக் கொடுத்தேன். மதியம் எல்லாப் பிள்ளைகளும் தூங்கும்போது அவள் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். சொல்லிவிட்டு ஒன்றுக்குப் போக நன்றாகப் பழகிய பிள்ளை மறுபடி பாயிலேயே மூத்திரம் போக ஆரம்பித்தது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றே போனது. மாலையில் ரோஸ்லின் வந்து கூப்பிட்டால் முகத்தில் ஒரு சந்தோஷம், ஒரு கோபம், ஒன்றும் இருக்காது. எழுந்து கூடவே போகும். இவ்வளவும் என் கண் முன்னால் நடந்தது. நான் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான், அது அழவில்லை.

ரோஸ்லின் ஒரு நாள் சொன்னாள். "ராவுல என் பொடவய கைல சுத்திக்கினுதான் படுக்குது டீச்சர். தண்ணி குடிக்க எந்திரிச்சாக்கூட முயிச்சிக்கினு பாக்குது. எனக்கு பேஜாரா கீது."

"நீ செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிகிற" என்றேன். கேட்க வந்தவள் வாயை மூடிக்கொண்டு போனாள்.

அந்த நாள் வந்தது. சூப்பர்வைசர் மேடம் நாலைந்து புதுப் பணியாளர்களோடு வந்திருந்தார். அன்றைக்குத்தான் ஒரு புதுப் பையனும் சேர்ந்திருந்தான், அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு வீல் வீல் என்று கத்தினான். எனக்குக் கொண்டாட்டம், வித்தையைக் காட்ட ஆள் கிடைத்துவிட்டது. ஜன்னலில் செரின் நின்றிருந்தாள். "நீ கொஞ்சம் அப்பால போ கண்ணு" என்று தோளைப் பிடித்து அவளை நகர்த்தினேன். அவள் நின்ற இடத்தில் பையனைத் தூக்கிப் பிடித்து, "லாரி பாரு!" என்று ஆரம்பித்தேன். பையனின் அம்மா பின்வாசல் வழியாக ஓடினாள். அவள் போன பிறகு யாரும் உள்ளேயிருந்து கதவைத் தாழ்ப்பாள் போடவில்லை.

மேடம் சிரித்தார். புதியவர்கள் ஆச்சரியத்தோடு தலையாட்டினார்கள். நான் இன்னும் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தேன். ஆயா சமையல் அறையிலிருந்து தலையை நீட்டி, "டீச்சர், செரின் பாப்பா எங்க?" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன், இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். நின்றிருந்த இரண்டு லாரிகளுக்கு நடுவில் செரினின் மஞ்சள் கவுன் தெரிந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. காலில் செருப்பு இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால், அவள் ஒவ்வொரு லாரியின் பக்கத்திலும் நின்று, தலையை நிமிர்த்தி, மேலே டிரைவர் உட்காரும் இடத்தைப் பார்த்துவிட்டு அடுத்த லாரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அந்த ஜன்னலில் நின்று அவள் செய்துகொண்டிருந்ததும் இதைத்தான். அவள் லாரியை வேடிக்கை பார்க்கவே இல்லை, உள்ளே யார் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் வண்டிகள் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. வரிசை நகரப் போகிறது. அவள் நின்றது பின்சக்கரத்தின் ஓரம். அவ்வளவு உயரத்தில் இருக்கும் டிரைவருக்கு அந்தச் சின்னத் தலை தெரியவே தெரியாது. ஆயா முன்னால் ஓடி, கையால் லாரியின் முகத்தில் அடித்துக் கத்தினாள். ஹாரன் சத்தத்தில் யார் காதில் விழும்? நான் ஒரு அடி வைத்தேன். செரின் சக்கரங்களுக்கு நடுவில் ஒரு அடி உள்ளே போனாள். இன்னொரு அடி வைத்தேன். இன்னும் உள்ளே போனாள். பார்த்துக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து தன்னை நகர்த்துகிற ஆள் நான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் கத்தினேன். "செரின்! அப்பா வந்துட்டாரு! இங்க கீறாரு பாரு, ஓடியா!"

அவள் திரும்பினாள். அந்த முகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? அந்தப் பிள்ளைக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தாள். வாரி எடுத்து ஓரத்துக்கு வந்தேன். லாரி நகர்ந்தது.

என் இடுப்பில் இருந்தபடி அவள் என் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, பல நாளாகப் பேசாத பிள்ளை, "எங்க?" என்று கேட்டாள்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கை கால் எல்லாம் துவண்டு என் தோளில் சாய்ந்துவிட்டாள். அப்போதும் அழவில்லை. என்னை அடித்திருக்கலாம், கடித்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை.

ஒரு டிரைவர் இறங்கி வந்தார். "இன்னாம்மா, கொயந்தய ரோட்ல வுட்டுட்டு இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க உள்ள?"

என்ன செய்துகொண்டிருந்தேன்? பிள்ளைகளை அழவிடாமல் வைத்துக்கொள்வது எப்படி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மேடம் மூச்சு வாங்க ஓடிவந்து, "நல்ல வேளை, சமயோசிதமா ஒரு வார்த்தை சொன்னீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாராட்டுக்கு மேல் ஒரு செருப்படி கிடையாது.

இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த இடத்தில் மறுபடி நின்றால் அதே பொய்யைச் சொல்வேனா? சொல்வேன். சக்கரம் முன்னால் இருக்கும்போது வேறு யோசனை கிடையாது, நீங்களும் யோசிக்காதீர்கள். ஆனால் அந்த நிலைமைக்கு அவளைக் கொண்டுபோய் விட்டது எது? தினம் தினம், நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாத நேரத்தில் நான் செய்த காரியங்கள்தான்.

ரோஸ்லின் வந்தாள். கம்பெனியிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள், கையெல்லாம் இறால் வாடை. என்னைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "இதுக்கு உண்மைய சொல்லிடு ரோஸ்லின்" என்றேன்.

"எனக்கே நான் இன்னும் சொல்லிக்கல டீச்சர்" என்றாள். "இதுக்கு எப்டி சொல்றது? அந்தாளு சட்டய இன்னும் தோய்க்காம வெச்சிகிறேன்."

அவளுக்கும் ஆறுதல் சொல்ல ஆள் இல்லை என்பது அன்றுவரை எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் செருப்பைக் கையில் கொடுத்து அவளையும்தான் பின்வாசல் வழியாகத் துரத்திக்கொண்டிருந்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் மனநலம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். அவரிடம் இரண்டு பேரையும் அழைத்துப் போனேன். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு மனசு, அதற்கு ஒரு டாக்டர் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவர் செரினோடு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் விளையாடினார். பிறகு என்னிடம் கேட்டார். "முதல் நாளே அழலைன்னு சந்தோஷப்பட்டீங்களா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கே நீங்க பயந்திருக்கணும். அழற குழந்தை, யாராவது வருவாங்கன்னு நம்புது. அழுதா வருவாங்கங்கிற நம்பிக்கையை இது விட்டுடுச்சு, தானே தேட ஆரம்பிச்சுடுச்சு." அவர் கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை. பிறகு ரோஸ்லினிடம் திரும்பினார். "தூங்கறார்னு சொல்லாதீங்க, தூங்கவே பயப்படும். ஊருக்குப் போயிருக்கார்னும் சொல்லாதீங்க, காத்துக்கிட்டே இருக்கும். அதுக்குப் புரியற வார்த்தையில உண்மையைச் சொல்லுங்க. சொல்லிட்டுப் பக்கத்துலயே இருங்க."

என் சென்டரிலேயே சொன்னோம். மற்ற பிள்ளைகள் போன பிறகு, ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்தோம். ரோஸ்லின் கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பா, அப்பா செத்துட்டாரு. அப்பா நெஞ்சு நின்னு போச்சு. இனிமே அவரு லாரி ஓட்ட மாட்டாரு. வர மாட்டாரு. நீ ஒண்ணும் தப்பு பண்ல. அம்மா டெய்லி வேலைக்குப் போவேன், டெய்லி வருவேன்."

செரின் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நெசமா?" என்றாள்.

அவளிடம் பொய் சொன்னவள் நான். என்னிடம்தான் கேட்டாள். "நெசம் கண்ணு" என்றேன். "அன்னிக்கு டீச்சர் சொன்னதுதான் பொய். அப்பா வர்ல. டீச்சர் பொய் சொல்லிட்டேன்."

உதடு பிதுங்கியது. பிறகு அழுதாள். எப்படி ஒரு அழுகை! ரோட்டில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரோஸ்லினும் கூடவே வாய்விட்டு அழுதாள், ஆயாவும் சேர்ந்துகொண்டாள். என் சென்டரில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை. நான் அவர்களைச் சமாதானப்படுத்தப் போகவில்லை. அந்த வேலையைச் செய்யத்தான் எனக்கு நன்றாகத் தெரியும், அதனாலேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளிலிருந்து அம்மாக்கள் எல்லோரும் முன்வாசலில்தான் போனார்கள். பிள்ளையின் கண்ணைப் பார்த்து, "போயிட்டு வரேன், நீ தூங்கி எந்திரிச்சதும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் கத்தின. காலை நேரம் காது கிழிந்தது. மேடம் வந்து, "என்ன டீச்சர், உங்க சென்டரா இது?" என்று முகம் சுளித்தார். செரின் வாசலில் அம்மா காலைக் கட்டிக்கொண்டு தினமும் அழுதாள், அழுது முடித்து என் மடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள், பிறகு முட்டையைச் சாப்பிட்டாள். மதியம் தூங்கவும் செய்தாள். மெல்ல மெல்லப் பேச்சு வந்தது.

ஒரு பழக்கம் மட்டும் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. "முட்ட சூடா கீது, ஊதித் துன்னு" என்பேன். "நெசமா?" என்பாள். "மழ வருது, உள்ள வா" என்பேன். "நெசமா?" என்று கேட்டுவிட்டு, கையை நீட்டிப் பார்த்த பிறகே வருவாள். அம்மாவிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆயாவிடமும் இல்லை. என்னிடம் மட்டும்தான். பெரிய ஸ்கூலுக்குப் போகும்வரை கேட்டாள்.

இதெல்லாம் தெரிந்தவள், பட்டுத் திருந்தியவள் என்று நீங்கள் என்னை நினைக்கக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் எழுதி முடிக்கிறேன். என் ரிட்டயர்மென்ட் நாள். சால்வை போட்டு, லட்டு கொடுத்து, போட்டோ எடுத்தார்கள். பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. கூட வேலை பார்த்தவர்கள், "எந்திரிச்சா அழும் டீச்சர், இப்பவே கெளம்பிடுங்க" என்றார்கள். சரிதான் என்று எழுந்தேன். வாசலில் இருந்த செருப்பைக் கையில் எடுத்தேன். சத்தம் இல்லாமல் சமையல் அறை வழியாகப் போனேன். தாழ்ப்பாளில் கை வைத்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

செருப்பை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். கடைசிப் பிள்ளை கண் விழிக்கும்வரை காத்திருந்து, "நாளைலேர்ந்து டீச்சர் வர மாட்டேன், புது டீச்சர் வருவாங்க" என்று சொன்னேன். "நாளன்னிக்கு?" என்றான் ஒருவன். "வர மாட்டேன் கண்ணு" என்றேன். அழுதார்கள். அழுது முடியும்வரை இருந்தேன்.

கிளம்பும்போது ஒரு சின்னப் பெண் பின்வாசலிலிருந்து என் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து முன்வாசலில் வைத்தாள். "டீச்சர், உன் செருப்பு ஏன் அங்க கீது?" என்று கேட்டாள்.

"மறந்து வெச்சிட்டேன் கண்ணு" என்றேன். அந்த சென்டரில் நான் கடைசியாகச் சொன்னதும் ஒரு பொய்தான்.